இழுக்காமல் ஒட்டவும்

மதிப்பும் அன்பும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம், தாங்கள் அங்கு நலந்தானே என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் எழுதப்போவதெல்லாம் என் தோள்பட்டை என்னைப் படுத்திய பாட்டைப் பற்றி என்பதால், முதல் வரியிலேயே பொய் வேண்டாம் என்று பார்க்கிறேன். தோளைக் கழித்துவிட்டால் நான் நலம். முழங்காலைக் கழித்துவிட்டால் தாங்களும் நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளைகள் இருவரும் சௌக்கியமாக இருப்பதாக முந்தாநாள் போனில் தெரிந்துகொண்டேன். பேத்திக்கு மேல் வரிசையில் இன்னொரு பல் முளைத்திருக்கிறதாம். மேல் வரிசையைப் பொறுத்தவரை என் நிலவரம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் போனில்தான் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வழக்கம்போல் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் எடுத்து, "ம்ம்" என்று ஒரு தடவையும் "ம்ஹூம்" என்று ஒரு தடவையும் உறுமிவிட்டு வைத்துவிட்டேன். நீங்கள் மனசு கேட்காமல் மகளைக் கூப்பிட்டு, "உங்க மாமனாருக்கு எம்மேல ஏதோ வருத்தம் போலம்மா, வர்றேன்னு சொல்லிட்டு வராம போயிட்டேன்ல" என்று சொல்ல, மருமகள் என் மகனிடம் சொல்ல, அவன் வேலையை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, இருக்கறது ஒரே ஒரு சம்பந்தி, அவர்கிட்டயும் சண்டையா?" என்று கேட்டான். சத்தியமாகச் சொல்கிறேன், சண்டையும் இல்லை, வருத்தமும் இல்லை. என்னைத் தேடி வருகிற போன்களில், புது சிம் வேண்டுமா என்று கேட்கும் பெண்ணைத் தள்ளிவிட்டால், நேரம் தவறாமல் வருவது உங்களுடையது ஒன்றுதான். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா? நடந்ததைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நாலாவது நிமிஷமே, "சரிங்க சம்பந்தி, வச்சிடட்டுமா?" என்பீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

தோள் சமாச்சாரம் ஆரம்பித்த கதை உங்களுக்குத் தெரியும். ஏழு வாரத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி, விழாமல் இருக்க எட்டிக் குழாயைப் பிடித்ததில் வலது தோளின் பின்பக்கம் சுளுக்கிக்கொண்டது. அதைக் கேள்விப்பட்டு, உங்கள் முழங்காலுக்கு ஒட்டுகிற அதே இழுபடும் டேப்பில் ஒரு சுருளை எனக்கும் பார்சலில் அனுப்பினீர்கள். மிக்க நன்றி. ஆனால் கண்ணாடிச் சாமான் கம்பெனியில், பேக்கிங் பிரிவில், முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உள்ளங்கை அளவு சுருளை யாராவது செருப்புப் பெட்டியில் வைத்து அனுப்புவார்களா? சுற்றிலும் ஒரு காகிதம்கூடத் திணிக்கவில்லை. அது பெட்டிக்குள் உருண்டு உருண்டு, தலைசுற்றலோடு வந்து சேர்ந்தது. கூடவே உங்கள் சீட்டு. தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்த காலத்துப் பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தில், மீட்டர் எண் எழுதுகிற அதே நறுக்கான கையெழுத்தில் நாலே வரி. எண்ணெய் கூடாது. முனைகளை வட்டமாக வெட்டவும். இழுக்காமல் ஒட்டவும். எனக்குத் தேவலை.

மூன்றாவது வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டேப்பை இழுக்காமல் ஒட்டுவதாவது! எங்கள் பிரிவில் டேப் என்றால் இழுக்க வேண்டும், இன்னும் இழுக்க வேண்டும், கிரீச்சென்ற சத்தம் அடுத்த கூடத்துக்குக் கேட்க வேண்டும். நான் கட்டிய பெட்டி ஒன்றுகூட வழியில் வாய் பிளந்ததில்லை. பாவம், மீட்டர் பார்த்தவருக்கு டேப்பைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்து (மன்னித்துவிடுங்கள்) சீட்டை மடித்து வைத்துவிட்டு, வலது அக்குளுக்கு அடியில் கொடுத்து, தோளுக்கு மேலே ஏற்றி, மார்புக்குக் குறுக்கே இறக்கி, முழு பலத்தோடு இழுத்து மூன்று சுற்றுச் சுற்றி, பெட்டிக்குப் போடுகிற மாதிரி மேலே ஒரு குறுக்குப் பட்டையும் போட்டேன். பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது. இரண்டு நிமிஷம் கழித்து அந்த டேப் தன் பழைய நீளத்துக்குத் திரும்ப ஆசைப்பட்டது. அது சுருங்கச் சுருங்க என் கை தானாகப் பக்கவாட்டில் உயர்ந்து, தோளுக்கு நேராக நின்றுவிட்டது. இறக்கினால் இறங்கவில்லை. கத்தரிக்கோல் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கடையில் ஒன்று வாங்கலாம் என்று அந்தக் கோலத்திலேயே தெருவுக்குப் போனேன், ஒரு பஸ் வந்து நின்றது. நான் கை காட்டியதாக ஓட்டுநர் நினைத்திருக்கிறார். "ஏறுங்க பெரியவரே, மெதுவா, மெதுவா" என்றார். அவ்வளவு அன்பாகக் கூப்பிட்ட மனிதரிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வது? ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

திரும்பி வரும்போது விரல்கள் நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தன. கீழ்வீட்டு டீச்சரம்மா மாடிப்படியில் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, உங்களை நீங்களே பார்சல் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டிவிட்டார். வெட்டியதோடு விட்டிருக்கலாம், பரபரவென்று உரித்துவிட்டார். கூடவே கொஞ்சம் தோலும் போனது. மறுநாள் கொப்புளம். அதற்கு மேல் மானம் பார்க்க முடியாமல் பெரிய தெருவிலிருக்கும் பிசியோதெரபி கூடத்துக்குப் போனேன்.

அங்கே இருப்பது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். கொப்புளத்தைப் பார்த்து, எப்படி ஒட்டினேன் என்று கேட்டு, நான் என் தொழில் பெருமையையும் சேர்த்துச் சொன்னதும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொப்புளம் ஆற ஒரு வாரம் விட்டு, அடுத்த வியாழக்கிழமை வரச்சொல்லி அவளே ஒட்டினாள். முதுகைத் துடைத்து உலரவிட்டாள். வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் இடது தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். டேப்பின் பின்பக்கக் காகிதத்தை நடுவில் கிழித்து, நடுப்பகுதியை லேசாக, மிக லேசாக நீட்டி வைத்து, இரண்டு முனைகளையும் இழுக்காமல் அப்படியே படியவிட்டாள். "இது புடிச்சு இறுக்குறதுக்கு இல்ல சார். சும்மா லேசா தொட்டுக்கிட்டே இருக்கும். அப்படித் தொட்டுக்கிட்டே இருந்தா, சரி, நமக்கும் ஒரு ஆள் இருக்குன்னு அந்த எடம் பயப்படாம அசையும். அவ்ளோதான்" என்றாள். பிறகு பசை பிடிக்கச் சூடு வேண்டும் என்று உள்ளங்கையால் பத்துப் பதினைந்து தடவை மேலிருந்து கீழாகத் தேய்த்துவிட்டாள். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்ததாக அவள் கேட்டாள், "மூணு நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை இதை எடுத்துட்டுப் புதுசு ஒட்டணும். முதுகுங்கறதால உங்களுக்கு எட்டாது. வீட்ல யாரு இருக்கா?" இந்தக் கேள்வி எனக்கு ஆகவே ஆகாது, சம்பந்தி. யாரும் இல்லை என்று சொன்னால் கேட்டவர்கள் ஒரு ஐயோ போடுவார்கள். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த இந்த நாலு வருஷத்தில் எத்தனை ஐயோ வாங்கியாகிவிட்டது, இனி வைக்க இடமில்லை. அந்த ஐயோவுக்குப் பயந்து, "சம்பந்தி இருக்காரு" என்று சொல்லிவிட்டேன். "சம்பந்தியா? உங்ககூடவேயா?" என்றாள். "ஆமா, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்கோம்." "அட, கேக்கவே நல்லா இருக்கே! சண்டை வராதா?" "டீவி பாக்கும்போது மட்டும் வரும்." ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். அவள் ஆசையாகக் கேட்கக் கேட்க, நான் அள்ளி விட்டுக்கொண்டே போனேன். காலையில் ஆறு மணிக்கு நீங்கள்தான் டீ போடுகிறீர்கள். குறட்டை உண்டு, ஆனால் பழகிவிட்டது. எங்கே குழாய் சொட்டினாலும் உங்கள் காதுக்குத் தெரிந்துவிடும். இப்படி நீங்கள் என் வீட்டில் குடியேறியது உங்களுக்கே தெரியாது.

குடியேறியவர் டேப் ஒட்டத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முதல் ஞாயிற்றுக்கிழமை, டேப்பைக் கட்டிலில் பசைப்பக்கம் மேலே இருக்கும்படி போட்டு, குறிபார்த்து அதன்மேல் மல்லாந்து படுத்தேன். வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று குளிக்கும்போது கொஞ்சம் எண்ணெய் தடவியிருந்தேன். உங்கள் முதல் வரி அப்போது நினைவுக்கு வரவில்லை. அதனால் அது பாதி என் மேலும் பாதி படுக்கை விரிப்பின் மேலும் ஒட்டிக்கொண்டு, இருவரையும் சமமாக நேசித்தது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் கொண்டுவருபவர் மணி அடித்தார். எழுந்து போனேன், விரிப்பும் எழுந்து வந்தது. கதவைத் திறந்ததும் அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஏதாவது நாடகம் கீடகம் நடிக்கிறீங்களா சார்?" என்றார். வியாழக்கிழமை அந்தப் பெண், "டேப்ல ஒரே நூலா இருக்கே, உங்க சம்பந்திக்குக் கண்ணு சரியாத் தெரியாதா?" என்றாள். "கொஞ்சம் மங்கல்" என்றேன். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, டேப்பைக் கதவின்மேல் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி தொங்கவிட்டு, பின்னாலேயே நடந்துபோய் முதுகால் ஒரு முட்டு முட்டினேன். கதவு தாழ் போடாமல் இருந்திருக்கிறது. அது திறந்துகொள்ள, நானும் டேப்பும் சமையலறைக்குள் போய்ச் சுவரில் மோதினோம். பெரிய காயமில்லை என்று சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே குப்பை கொட்டப் போனால், டீச்சரம்மா, "சார், உங்க முதுகுல போன மாசம் ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றார். சுவரிலிருந்த காலண்டர் தாள். போன மாதத் தாளை நான் இன்னும் கிழித்திருக்கவில்லை. அந்த வியாழக்கிழமை, "கை நடுக்கமா அவருக்கு?" என்ற கேள்விக்கும் ஆமாம் போட்டேன். ஆக, உங்களுக்கு ஒரு வாரம் கண் போனது, மறுவாரம் கை போனது. அந்தக் கூடத்தில் உங்கள் பெயர் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது. அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் நீங்கள் கூப்பிட்டது. அன்றைக்கு என் தொழில் புத்தி வேலை செய்தது. பேக்கிங் ஆட்களுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது டேப்பைப் பல்லால் கடித்துப் பிடிப்பது பழக்கம். அதேபோல் ஒரு முனையைப் பல்லில் கவ்வி, தோளுக்கு மேலாக விட்டு, மறுமுனையை இடது கையால் பின்னாலிருந்து எட்டிப் பிடித்து ஒட்டினேன். ஒட்டியது! அப்பாடா என்று வாயைத் திறந்தால், கவ்விய முனை மேல்வரிசைப் பல் செட்டோடு ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. மணி ஐந்து. போன் அடிக்கிறது. ஐந்து மணி என்றால் அது நீங்கள்தான், எடுக்காமல் இருக்க முடியுமா? எடுத்தேன். "என்ன சம்பந்தி, நல்லா இருக்கீங்களா?" என்றீர்கள். வாயைத் திறந்தால் பல் போய்விடும் என்பதால் "ம்ம்" என்றேன். "தோளு எப்படி இருக்கு, பரவாயில்லையா?" என்றீர்கள். பரவாயில்லை என்று சொல்ல முயன்றதுதான் அந்த "ம்ஹூம்". அதற்குள் பல் செட் கழன்று, டேப் சுருண்ட வேகத்தில் தோளைத் தாண்டிப் பின்னால் போய், முதுகில் தொங்கியது. போன் கை தவறிக் கீழே விழுந்து அணைந்துவிட்டது. பல்லைத் தேடி என்னை நானே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, உங்களைத் திரும்பக் கூப்பிட்டபோது உங்கள் லைன் கிடைக்கவில்லை. அப்போதுதான் மகளிடம் பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள். இதுதான் சம்பந்தி நடந்தது. என் கோபம் என்று நீங்கள் நினைத்தது வெறும் பல்.

நேற்று வியாழக்கிழமை அந்தப் பெண் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "உங்க சம்பந்தியக் கையோட கூட்டிட்டு வாங்க சார், நானே பக்கத்துல நின்னு சொல்லித் தர்றேன். பாவம், அவரும் எவ்ளோ நாள் தட்டுத்தடுமாறுவாரு?" என்றாள். நீங்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று அடுத்த வாரம் ஒரு வரி சொன்னால் தீர்ந்தது. தோள் வலி இன்னும் இருக்கத்தான் செய்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும். இதைப் படித்துவிட்டு மனசு கேட்காமல் நீங்கள் கிளம்பி வந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. வேண்டவே வேண்டாம். இது மூன்றாவது மாடி, ஐம்பத்து நாலு படி, லிஃப்ட் கிடையாது. உங்கள் முழங்காலுக்கு ஆகவே ஆகாது. போதாததற்கு யாரோ ஒரு புண்ணியவான் மாடிப்படி திரும்புகிற இடத்திலெல்லாம் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறான். மூன்று நாற்காலி. யாருடையது என்று டீச்சரம்மா வீடு வீடாக விசாரித்தார், என்னிடமும் கேட்டார், எனக்கென்ன தெரியும் என்றேன். வீடும் இரண்டு பேருக்குக் காணாது. எனக்கும் தனியாக இருந்து பழகிவிட்டது, இன்னொரு ஆள் குறுக்கே நெடுக்கே நடந்தால் சரிப்பட்டு வராது. ஆகையால் தாங்கள் அங்கேயே இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மட்டும் மறக்காமல் கூப்பிடவும், பல்லைக் கழற்றாமல் காத்திருப்பேன்.

பிள்ளைகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகளை, அடுத்த முறை பேசும்போது, நீங்களே என் சார்பில் சொல்லிவிடுங்கள். உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்புகள்.

இப்படிக்கு,
தங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லாத,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போனவன் திரும்பப் பிரித்துவிட்டேன். மேலே எழுதியதில் சிலவற்றைத் திருத்திக்கொள்ளவும்.

நான் குளியலறையில் வழுக்கவில்லை. பத்து நாள் தங்குகிற மாதிரி வருகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அந்தக் கடிதம் வந்த அன்றைக்கே பரண்மேல் கிடந்த மடக்குக் கட்டிலை ஒண்டியாக இறக்கினேன். தோள் பிசகியது அப்போதுதான். முழங்கால் சரியில்லை, வரமுடியாது என்று மறுவாரம் நீங்கள் எழுதிய பிறகு, உங்களுக்கு எதற்குச் சங்கடம் என்று குழாய்மேல் பழியைப் போட்டேன். கட்டில் ஜன்னலோரம் விரித்தபடியேதான் கிடக்கிறது.

தோள் வலியும் இப்போது இல்லை. பதினோரு நாளாக இல்லை. அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை, சொன்னால் வியாழக்கிழமை வரவேண்டாம் என்பாள். என் முதுகில் ஒரு மனுஷர் கை பட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது, சம்பந்தி. அதற்காகத்தான் வலிக்காத தோளில் டேப் ஒட்டிக்கொண்டு, பல்லையும் பறிகொடுத்தேன். உங்களைப் பற்றி அவள் விசாரிக்கும்போதெல்லாம், நிஜமாகவே வீட்டில் நீங்கள் இருப்பது போலவும், நான் சீக்கிரம் திரும்பிப் போக வேண்டும் போலவும் இருந்தது.

மாடிப்படி நாற்காலிகள் என்னுடையவை. வீட்டில் இப்போது மிச்சமிருப்பது ஒன்றுதான். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முழங்காலுக்கென்று உங்கள் பெயரில் சொல்லி வைத்திருக்கிறேன், புதன்கிழமை காலை ரயிலில் வந்தால் சரியாக இருக்கும். ஸ்டேஷனில் நிற்பேன். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாக ஏறுங்கள். நீங்கள் எழுந்த நாற்காலியை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே வருகிறேன், தோள் நன்றாகத் தாங்குகிறது. நீங்கள் அனுப்பிய சுருளில் பாதி அப்படியே இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு நானே ஒட்டிவிடுகிறேன். இழுக்க மாட்டேன்.